துண்டுத் தரகர் ஓட்டிய பதினோரு காளை

எங்கள் ஊர்த் துண்டுத் தரகர் விற்காத பொருள் என்று இந்த உலகத்தில் எதுவுமே கிடையாது. மாடு விற்பார், அது தொழில், விட்டுவிடுங்கள். சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நடந்து வருகிறவரிடம் பேச்சுக் கொடுத்து, அந்தச் சைக்கிளையே விற்று, வாங்கினவர் மிதிக்க இவர் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தவர். அவருடைய கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் மூங்கிலை, முகூர்த்தம் முடிவதற்குள் பெண்ணுடைய சித்தப்பாவுக்கே பேசி முடித்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆனால் சத்தியமாக நம்புகிறேன்.

ஊர் அன்னூர்ப் பக்கம். அவருக்கும் ஒரு பேர் இருக்கத்தான் செய்யும், ரேஷன் கார்டில் ஏதாவது எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அவர் துண்டுத் தரகர். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஆள் ஒல்லி, மீசை மட்டும் குண்டு. தோளில் எந்நேரமும் ஒரு பச்சைத் துண்டு.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். வாங்குகிறவர் கையையும் விற்கிறவர் கையையும் ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒரு மண்ணும் தெரியாது. மற்றத் தரகர்கள் இதைச் சந்தையோடு நிறுத்திக்கொண்டார்கள். நம்ம ஆளுக்கு எண்ணிக்கை என்று எது வந்தாலும் வாய் திறக்காது, துண்டுதான் பேசும். டீக்கடையில் மாஸ்டர் கைமேல் துண்டைப் போட்டு இரண்டு விரலை அமுக்கினால் இரண்டு டீ. பஸ்ஸில் கண்டக்டர் கைமேல் போட்டு மூன்று விரலைப் பிடித்தால் மூன்று டிக்கெட். புதுசாக வந்த கண்டக்டர் ஒருத்தர் பயந்துபோய் விசிலடித்து நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார்.

இன்னொன்று, மரியாதை. கொங்கு நாட்டில் 'ங்க' போடாமல் யாரும் பேச மாட்டோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர் மாட்டுக்கும் போடுவார். "நடங்க சாமி, சித்த அக்கட்டால நில்லுங்க" என்று எருமையை ஒதுங்கச் சொல்லிக் கெஞ்சுவார். திட்டினாலும் அதே மரியாதைதான். "அறிவுகெட்ட கழுதைங்களாட்ட நிக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?" என்பார். திட்டு வாங்கின மாடு தலையைக் குனிந்துகொள்ளும்.

அவர் தொழுவத்தில் எப்போது பார்த்தாலும் ஏழெட்டு உருப்படி நிற்கும். ஒரு நாள் நான் கேட்டேன். "ஏனுங்கண்ணா, இதுல எதுங்க உங்க சொந்த மாடு?"

"எல்லாம் ஏவார மாடுதானுங்க கண்ணு. இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போயிரும்."

"ஊட்டு மாடுன்னு ஒண்ணுகூட இல்லீங்களா?"

"அய்யய்யோ, அது ஆகாதுங்க. ஊட்டு மாடுன்னு ஒண்ணைக் கட்டிப்போட்டா மனசு போயி அதும்மேல ஒட்டிக்குமுங்க. மனசு ஒட்டுச்சுன்னா ஏவாரம் படுத்துக்குமுங்க."

ரேக்ளாவிலும் இதே கதைதான். ரேக்ளா என்றால் தெரியும்தானே? இரண்டு காளை, ஒரு குட்டி வண்டி, நேராக ஒரு தடம். யார் குறைந்த நேரத்தில் போய்ச் சேருகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. சுத்துவட்டாரத்தில் இவர் ஓட்டுகிற ஜோடிக்கு எதிர் ஜோடி கிடையாது. ஆனால் ஜெயித்த ஜோடி மறுபடி வீட்டுக்கு வந்ததும் கிடையாது. எல்லைக்கோட்டைத் தாண்டிய இடத்திலேயே துண்டு தோளிலிருந்து இறங்கிவிடும். வண்டியை மட்டும் இவரே இழுத்துக்கொண்டு நடந்து வருவார்.

சரி, இப்பேர்ப்பட்ட ஆள் எங்கள் ஸ்கூல் ஃபுட்பால் டீமுக்குக் கோச் ஆன கதைக்கு வருவோம்.

எங்கள் டீமின் பெருமை ஊரறிந்தது. வெளியூர்ப் போட்டியில் நாங்கள் கோல் போட்டதே இல்லை. தோற்றோம் என்று சொல்லவில்லை, தோற்பது மனித இயல்பு. ஒரு கோல், தெரியாத்தனமாகக்கூட, போட்டதே இல்லை. காரணம் சிம்பிள். எங்களால் ஓட முடியாது. பந்து போய்ச் சேர்ந்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, போரடித்து, வேறு யார் காலுக்காவது போன பிறகுதான் நாங்கள் மூச்சிரைக்க அங்கே போய் நிற்போம். பி.டி. சாரும் டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் மறக்கவே மாட்டேன்.

எங்கள் ஹெட்மாஸ்டருக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். தென்னை என்றால் உயிர். 'இந்த உதவாக்கரைகளுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய நிலம்' என்று ரொம்ப நாளாக அவருக்கு ஒரு வயிற்றெரிச்சல். ஒரு வெள்ளிக்கிழமை பிரேயரில் அறிவித்தே விட்டார். மைதானத்தில் தென்னை வைக்கப் போகிறார். கன்றுகள் ஸ்கவுட் ரூம் வாசலில் வந்து இறங்கிவிட்டன. மைதானத்தின் ஓரமெல்லாம் குழிகூட வெட்டிவிட்டார்கள். சாம்பிளுக்கு என்று ஒன்றை நட்ட நடுவில், கிக் ஆஃப் பண்ணுகிற இடத்தில் வெட்டியிருந்தார்கள். 

நாங்கள் போய்க் கெஞ்சினோம். எங்கள் கோல் கீப்பர் அழுதே விட்டான். அவன் முந்தின நாள் குழியில் விழுந்திருந்தான், அதனால் அழுகை நன்றாக வந்தது. ஹெட்மாஸ்டர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"செரி. கோயமுத்தூர்ல போட்டி வருதல்ல? செயிக்கச் சொல்லல. ஒரே ஒரு கோல். ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு வாங்கடா, குழியெல்லாம் மூடிப்போடறேன். இல்லீன்னா போட்டி முடிஞ்ச திங்கக்கெழம காலைல கன்னு நட்டுப்போடுவேன். சாயங்காலம் சும்மாதான இருப்பீங்க, நானே ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கறேன்."

மைதானம் போனாலாவது பரவாயில்லை. தினமும் சாயங்காலம் ஹெட்மாஸ்டரின் அல்ஜீப்ரா!

அன்றைக்கென்று துண்டுத் தரகர் இரண்டு கன்றுக்குட்டிகளை எங்கள் மைதானத்தில் மேயவிட்டு, கோல் போஸ்ட்டில் சாய்ந்து நின்று நாங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் குடையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்ப்பா, இது ஸ்கூலா, மேய்ச்சல் காடா?"

"மன்னிச்சுக்குங்க வாத்தியாரய்யா. நானு நம்ம உருப்படிகளப் பாக்கலீங்க. உங்க உருப்படிகளத்தான் பாத்துட்டு நிக்கறேன். பாவமா இருக்குதுங்க."

"என்ன பாவம்?"

"எல்லாரும் சென மாடாட்டவே ஓடறாங்களேங்க!"

ஹெட்மாஸ்டர் கடுப்பில் ஒரு வார்த்தையை விட்டார். "அத்தனை தெரிஞ்சவன்னா நீயே ஓட்டிப் பாரேன்!"

சந்தையில் ஒரு வார்த்தை விட்டால் விட்டதுதான். தரகர் துண்டை உதறி அவர் கைமேல் போட்டு ஒரு விரலை அமுக்கினார். "ஒரு கோலுதானுங்க? முடிஞ்சுதுங்க பேச்சு." ஹெட்மாஸ்டர் தன் விரலைப் பார்த்துக்கொண்டே ரூமுக்குப் போனார்.

மறுநாள் செலக்‌ஷன். நாங்கள் ஓடச் சொல்வார், பந்து உதைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்து ஷூ லேஸெல்லாம் கட்டிக்கொண்டு நின்றோம். அவர் வரிசையாக வந்து, "வாயத் தொறங்க கண்ணு" என்று பல்லைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனியச் சொல்லிச் சுழி பார்த்தார். மாடு வாங்குகிறவர்கள் சுழி பார்க்காமல் வாங்க மாட்டார்கள். முடி எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது, நெற்றியிலா, முதுகிலா, அது வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று அதற்குப் பெரிய சாஸ்திரமே இருக்கிறது. எங்கள் டீமில் பந்தைக் காலில் வைத்து ஏதாவது செய்யத் தெரிந்த ஒரே ஆத்மா பஷீர். அவனுக்கு உச்சந்தலையில் இரட்டைச் சுழி.

"இது ஆகாதுங்களே" என்று தரகர் பின்வாங்கினார்.

"அண்ணா, அவன் இல்லீன்னா டீமே இல்லீங்ணா!" என்று நாங்கள் கத்தினோம்.

அவர் யோசித்தார். எங்கள் பக்கம் தங்காத குழந்தையைத் தவிட்டுக்கு விற்று வாங்குகிற வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பிடி தவிடு வாங்கிக்கொண்டு குழந்தையைக் கொடுத்துவிட்டு, உடனே திருப்பி வாங்கினால் தோஷம் விலகிவிடும். அதே டெக்னிக். ஸ்கூல் வாட்ச்மேனிடம் தவிட்டை வாங்கிக்கொண்டு பஷீரை விற்றார். வாட்ச்மேன் லேசுப்பட்டவரா? வாங்கின பொருள் தன்னுடையது என்று சொல்லி அவனைத் தண்ணீர்த் தொட்டி முழுக்க நிரப்ப வைத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

பஷீர் நனைந்த டவுசரோடு வந்து நின்றான். "எங்க அத்தாகிட்டச் சொல்லிப்போடாதீங்கடா. தவிட்டுக்குப் போனேன்னு தெரிஞ்சா, அந்தத் தவிடு எங்கேம்பாரு."

பயிற்சி என்றால் சாதாரணப் பயிற்சி இல்லை. உழுது போட்ட காட்டில் ஓட விட்டார். கட்டிமண்ணில் கணுக்கால் வரை புதையும். ஒரு வாரம் அதில் ஓடிவிட்டு மைதானத்துக்கு வந்தால், அட, தரையே காலைத் தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது. அடுத்து ஜோடி சேர்த்தார். நானும் செல்வராசும் ஒரு ஜோடி. நான் வலத்து மாடு, அவன் இடத்து மாடு. தோளுக்குத் தோள் ஒரு மூங்கிலைக் குறுக்கே வைத்துக் கட்டி, பின்னால் இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஹேய்... ஹேய்... போங்க தங்கம், போங்க சோம்பேறிப் பிசாசுங்களா!" என்று ஓட்டுவார். நான் வலது காலை எடுத்தால் அவனும் வலது. அவன் தும்மினால் நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். அப்படி ஒரு ஜோடி.

எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அலுமினியப் பாத்திரம் இருக்கும், எங்கள் ஊரில் போசி என்போம். அதுதான் ரகசியம். அந்தப் போசிக்குள் செக்கிலிருந்து சூடாக எடுத்துவந்த எள்ளுப் புண்ணாக்கு, கருப்பட்டி தட்டிப் போட்டது. புண்ணாக்கு என்று முகம் சுளிக்காதீர்கள். சூடாக ஒரு வாய் தின்று பாருங்கள், அப்புறம் பேசுங்கள். கடைசி ஓட்டத்துக்கு முன்னால் எதிர் எல்லைக்குப் போய்ப் போசியைக் கரண்டியால் தட்டுவார். டணங், டணங், டணங். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் பதினோரு பேருக்கும் கண் தெரியாது. அப்படியே பாய்வோம்.

என் அம்மாவுக்கு விஷயம் தெரிந்து தரகர் வீட்டு வாசலுக்கே போய்விட்டாள். 

"ஏனுங்க, எம்பையனுக்குப் புண்ணாக்கா போடறீங்க? மனுசன் திங்கறதுங்களா அது?"

"அம்மணி, மொத ஆட்டு எள்ளுங்க. கருப்பட்டி போட்டிருக்குதுங்க. ஒரு வாய் பாருங்க."

அம்மா ஒரு வாய் பார்த்தாள். இன்னொரு வாயும் பார்த்தாள். "எங்க எருமைக்கும் கொஞ்சம் சொல்லி வையுங்க" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

பாராட்டு மட்டும் அவர் வாயில் வரவே வராது. நன்றாக ஓடின மாட்டை நாலு பேர் முன்னால் நன்றாக ஓடுகிறது என்று சொன்னால் கண்பட்டுவிடுமாம். நாங்கள் பறந்து வந்து நின்றாலும், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "என்னத்தெ ஓடறீங்க, ஓணானாட்ட" என்பார். திட்டின அன்றைக்கெல்லாம் கருப்பட்டி ஒரு கட்டி அதிகமாக இருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். ரேக்ளாக் காளைக்கு ஓடத்தான் தெரியும். திரும்பத் தெரியாது, நிற்கவும் தெரியாது. எல்லை தாண்டினதும் நாலு ஆள் குறுக்கே விழுந்து பிடிப்பார்கள். நாங்களும் அப்படியே ஆகிவிட்டோம்.

"ஏனுங்ணா, நிக்கறதுக்கு எப்பங்க சொல்லித் தருவீங்க?" என்று செல்வராசு கேட்டான்.

"அது அடுத்த வருசங்க கண்ணு."

அடுத்த வருஷம் ஒன்று இருக்க வேண்டுமே என்பதுதான் எங்கள் கவலை. ஸ்கவுட் ரூம் வாசலில் தென்னங்கன்று வேறு புதுக் குருத்து விட்டிருந்தது.

போட்டி நாள். மாடு ஏற்றுகிற டெம்போவில், வைக்கோல் பரப்பி, எங்களைக் கோயமுத்தூருக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஹெட்மாஸ்டர் முன் சீட்டில் குடையோடு. சத்தி ரோட்டில் போகும்போது செல்வராசு என் காதில் கேட்டான். "டேய், நேத்து இந்த வண்டில நின்னவங்கெல்லாம் எங்கடா போயிருப்பாங்க?"

"பொள்ளாச்சிச் சந்தைக்கு."

"அப்பறமேலு?"

"வாய மூடிட்டு வாடா."

டவுன் ஸ்கூல் மைதானம் பச்சைப் பசேல் என்று இருந்தது. எதிர் டீம் முழங்கால் வரை சாக்ஸ் போட்டு, ஒரே மாதிரி பனியனில், விளம்பரத்தில் வருகிற மாதிரி நின்றார்கள். எங்கள் தலையில் வைக்கோல். அவர்களுடைய கோச், கழுத்தில் விசில் தொங்க, எங்களைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

விசில் அடித்ததும் பஷீர் எங்கள் ஜோடிக்கு முன்னால் பந்தைத் தள்ளினான். நாங்கள் பாய்ந்தோம். அவர்களுடைய டிஃபென்ஸ் வாயைப் பிளந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மைதானத்தில் அதற்கு முன் அந்த வேகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பந்தைத் தாண்டினோம். கோல் லைனைத் தாண்டினோம். வேடிக்கை பார்த்தவர்களைத் தாண்டினோம். சைக்கிள் ஸ்டாண்டில் போய் மோதி வரிசையாக எல்லாச் சைக்கிளும் சாய்ந்த பிறகுதான் நின்றோம். பந்து நாங்கள் விட்ட இடத்தில் நிம்மதியாக இருந்தது.

இடது விங் ஜோடி கார்னர் கொடியைப் பிடுங்கிக்கொண்டு கேன்டீன் வரைக்கும் போய்விட்டு வந்தது. ஹாஃப் டைமில் ஸ்கோர் நாலு – பூஜ்யம். நாலு அவர்களுக்கு.

"ஓடறதென்னமோ ஓடறீங்க சாமிகளா. பந்தையும் கூட்டிட்டு ஓடுனா என்னுங்க கொறஞ்சுபோச்சு?" என்று தரகர் கெஞ்சினார்.

இரண்டாவது பாதியும் வழிந்துகொண்டே போனது. ஹெட்மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "மேக்கால மூலைல இருந்து ஆரம்பிச்சா வரிசை செரியா வரும்" என்று அவர் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அப்புறம் கண்ணைத் திறக்காமலே, "ஏம்ப்பா, இன்னும் எத்தன நிமிசம் இருக்குது?" என்றார்.

எத்தனை என்று கேட்டால் முடிந்தது. எண்ணிக்கை ஆயிற்றே! பந்து வெளியே போய், ரெஃப்ரி கோட்டோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். தரகர் விறுவிறு என்று போய் அவர் கைமேல் பச்சைத் துண்டைப் போட்டார். உள்ளே கையை விட்டு விரலைப் பிடித்தார்.

ரெஃப்ரி பாம்பை மிதித்த மாதிரி குதித்தார். "யோவ்! என்னய்யா குடுக்கற?"

"குடுக்கலீங்க. கேக்கறேனுங்க."

"கேக்கறியா? ரெஃப்ரிகிட்டயே கேக்கறியா? எத்தன பேரு பாத்துட்டு இருக்காங்க!"

"அதுக்குத்தானுங்க துண்டு போட்டிருக்குது. ஒருத்தருக்கும் தெரியாதுங்க. சும்மா விரல மட்டும் புடிங்க."

அவ்வளவுதான். விசில், கூச்சல், லைன்மேன் ஓடி வர, நாலு பேர் சேர்ந்து தரகரைக் காம்பவுண்டுக்கு வெளியே தள்ளிக் கேட்டைச் சாத்தினார்கள். அவர் போகும்போதுகூடக் கேட்டைச் சாத்தினவரிடம், "மெதுவாச் சாத்துங்க, கைய நசுக்கிக்குவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்கு உயிரே போய்விட்டது. பின்னாலிருந்து "ஹேய் ஹேய்" என்று ஓட்ட ஆள் இல்லை. பதினோரு பேரும் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி அங்கங்கே நின்றோம். என் கண்ணுக்கு முன்னால் மைதானம் முழுக்கத் தென்னை ஓலை ஆடியது. ஒவ்வொரு மரத்துக்கும் கீழே ஒரு கரும்பலகை. ஒவ்வொரு பலகையிலும் அல்ஜீப்ரா.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டணங், டணங், டணங்.

எதிர் டீம் கோல் போஸ்ட்டுக்கு நேர் பின்னால் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் டெம்போ. டெம்போவில் போசி. என் நாக்கில் எச்சில் ஊறியது. பக்கத்தில் செல்வராசின் காது விறைத்ததை என் கண்ணால் பார்த்தேன். பஷீர் புத்திசாலி. ஒரு நொடியில் புரிந்துகொண்டு, போஸ்ட்டுக்கும் எங்களுக்கும் நேர்கோட்டில் பந்தைத் தள்ளிவிட்டு, "போங்கடா!" என்று கத்தினான்.

நேர்கோடு. அது ஒன்றுதானே எங்களுக்கு வேண்டியது! தோளோடு தோள் ஒட்டிப் பாய்ந்தோம். குறுக்கே வந்த இரண்டு பேர் ஒதுங்கினார்கள். கீப்பர் முன்னால் வந்தான். எங்கள் முகத்தைப் பார்த்தான். பந்தின்மேல் கண்ணே இல்லாத இரண்டு ஜந்துக்கள், வாயில் எச்சிலோடு, தன்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு வருவதைப் பார்த்தான். பாவம், யார் வீட்டுப் பிள்ளையோ, சாமி பேரைச் சொல்லிக்கொண்டு பக்கவாட்டில் குதித்துவிட்டான். பந்து செல்வராசின் முழங்காலில் பட்டு, என் வயிற்றில் பட்டு, கோலுக்குள் உருண்டது. யார் போட்ட கோல் என்று எங்களுக்குள் இன்றைக்கும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

கோல்!

கோல் விழுந்ததை நாங்கள் பார்க்கவில்லை. வலையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை, பின்னாலேயே டீம் மொத்தமும், அந்தக் கோடியில் நின்ற எங்கள் கோல் கீப்பர் உட்பட, சுவர் ஏறி அந்தப் பக்கம் குதித்துவிட்டது. ரெஃப்ரி கோலுக்கு விசில் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒரு டீமையே காணோம். ஆள் இல்லாத மைதானத்தில் அவர்கள் இன்னொரு கோலைப் போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொள்ளட்டும். ஐந்து – ஒன்று. அந்த ஒன்று எங்களுடையது!

உள்ளே ஹெட்மாஸ்டர் நாற்காலி மேல் ஏறி நின்று, வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் குடையை விரித்துக்கொண்டு, "கன்னு நட மாட்டேன்! சத்தியமா நட மாட்டேன்!" என்று கத்திக்கொண்டிருந்தாராம். டவுன்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் மனுஷன். திங்கட்கிழமை நாங்களே குழிகளை மூடினோம். கன்றுகள் காம்பவுண்டு ஓரமாகப் போய்விட்டன. நடுக்குழி மட்டும் சரியாக அமுங்காமல், அதற்கப்புறம் எங்கள் மைதானத்தில் யார் எங்கே உதைத்தாலும் பந்து கடைசியில் அந்தப் பள்ளத்துக்கே வந்து சேரும். அன்று ராத்திரி நான் தூங்கின தூக்கம் மாதிரி ஒரு தூக்கம் இப்போது செமஸ்டர் முடிந்த அன்றைக்குக்கூட வருவதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. சுவருக்கு வெளியே நடந்தது.

நாங்கள் டெம்போவைச் சுற்றி நின்று, முகமெல்லாம் கருப்பட்டியாகத் தின்றுகொண்டிருந்தோம். "அண்ணா, நீங்க வேணும்னுதான தட்டுனீங்க?" என்று பஷீர் கேட்டான்.

"ஈ ஓட்டுனேனுங்க" என்றார் தரகர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அப்போது எதிர் டீம் கோச் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை. என்னையும் செல்வராசையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏங்க, இந்த ரெண்டு பசங்க உங்க ஆளுங்களா?"

"ஆமாங்க."

"அடுத்த வாரம் எங்களுக்கு ஃபைனல். இந்த ஜோடிய எங்களுக்குக் குடுத்துருங்களேன். எங்க பசங்க பேர்லயே எறக்கிக்கலாம், யாருக்குத் தெரியப்போகுது? உங்களுக்குப் பாத்துச் செஞ்சுரலாம். சொல்லுங்க, எவ்வளவு வேணும்?"

செல்வராசு என் கையைப் பிடித்துக்கொண்டான். ஓடுகிற ஜோடி. ஜெயித்த இடம். கேட்டு வந்த ஆள். எவ்வளவு என்ற கேள்வி. இந்த மனுஷன் வாழ்க்கையில் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று அன்னூர்ப் பக்கம் கைக்குழந்தைக்கும் தெரியும்.

தரகர் மெல்லத் தோளுக்குக் கையைக் கொண்டுபோனார். துண்டை எடுத்தார். ஒரு உதறு உதறினார். கோச் கையை நீட்டினார்.

துண்டு அந்தக் கைமேல் விழவில்லை. தரகர் எங்கள் பக்கம் திரும்பி, ஓடி வந்த மாட்டுக்குத் துடைக்கிற மாதிரி, முதலில் செல்வராசின் முதுகு, அப்புறம் என் முதுகு, கழுத்து, காதுக்குப் பின்னால் என்று அழுத்தி அழுத்தித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"இது ஏவாரத்துக்கு இல்லீங்க. ஊட்டு மாடுங்க."

என்னை மாடு என்று நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கினது அந்த ஒரு தடவைதான்.